இணையவழிச் சதுரங்கத்தில் மோசடி: சந்தேகம் மட்டும் ஆதாரமாகுமா?

கல்கிசையில் இருக்கும் என் தங்கையின் மகனுக்குப் பதின்மூன்று வயது. கடந்த மாதம் அவன் சதுரங்கம் ஆடும் இணையத்தளம் அவனது கணக்கை மூடிவிட்டது. நேர்மையாக ஆடவில்லை என்று ஒரு வரி மின்னஞ்சல். எந்த ஆட்டம், எந்த நகர்வு என்று ஒன்றுமில்லை. "நான் களவா விளையாடல்ல மாமா" என்று அவன் அழுதபோது, எனக்கும் உள்ளூரச் சந்தேகம் வந்ததை மறைக்க மாட்டேன். (சதுரங்கம் கூடுமா கூடாதா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன்.)

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 2021 ஜூன் 13ஆம் திகதி, கொரோனா நிவாரண நிதிக்காக இணையத்தில் நடந்த ஆட்டத்தில், ஐந்து முறை உலக சம்பியனான விஸ்வநாதன் ஆனந்தை செரோதா நிறுவனத்தின் இணை ஸ்தாபகர் நிகில் காமத் தோற்கடித்தார். மறுநாளே கணினியின் உதவியைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். தர்ம காரியத்திலேயே இப்படி!

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வீரரின் நகர்வுகள் கணினியின் முதல் தெரிவோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கிறார்கள். அதைவிட நேரம் அதிகம் பேசும். வெட்டிய காயைத் திருப்பி வெட்ட மனிதனுக்கு ஒரு விநாடி போதும். சிக்கலான இடத்தில் மூன்று நிமிடம் தலையைச் சொறிவான். இலகுவானதற்கும் கடினமானதற்கும் ஒரே ஒன்பது விநாடி எடுப்பவர், பெரும்பாலும் வேறு திரையைப் பார்க்கிறார். ஆனால் முழு ஆட்டத்தில் ஒரேயொரு தடவை உதவி பெறும் கெட்டிக்காரனைப் பிடிப்பது மிகக் கடினம்.

2006இல் டில்லியில் ஒரு வீரரின் தொப்பிக்குள் புளூடூத் கருவி பிடிபட்டது. பத்து வருடத் தடை விதித்தார்கள். அங்கே கையில் பொருள் இருந்தது. இணையத்தில் இருப்பதோ நிகழ்தகவு மட்டுமே. நேர்மையாக ஆடுவோரில் ஆயிரத்துக்கு ஒருவரைத்தான் ஒரு சோதனை பிழையாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சம் பேரில் அது நூறு நிரபராதிகள். அவர்களில் எத்தனை பேர் பிள்ளைகள்? கண்காணிக்க அந்தச் சந்தேகம் போதும். ஒரு சிறுவனைக் கள்ளன் என்று முத்திரை குத்த அது போதாது. குத்துவதானால் அவன் பதில் சொல்வதற்கு அந்த ஆட்டத்தையாவது காட்ட வேண்டும்.

மருமகனைப் பலகைக்கு முன் உட்கார வைத்து, அவனது பழைய ஆட்டங்களிலிருந்து மூன்று நகர்வுகளைக் காட்டி "ஏன்?" என்று கேட்டேன். இரண்டுக்குக் காரணம் சொன்னான். மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "இது சும்மா வெச்சது மாமா, நல்லா வந்திட்டு" என்றான். மேன்முறையீட்டில் அதையும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறோம்.