நடுநிலையின் செலவு யார் தலையில்?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. எண்ணெயை வாங்கி இலாபம் பார்த்தவை பெருநிறுவனங்கள். அடி விழுந்தது எங்கள் பெருமாநல்லூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள் மேல்.

1951இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகிய அம்பேத்கர், 350 கோடி வருவாயில் 180 கோடி இராணுவத்துக்கே போகிறது, நேருவின் வெளியுறவுக் கொள்கையால் நமக்கு நண்பர்களே இல்லை என்றார். இதில் அவரோடு நான் முழுதாக உடன்படவில்லை. 1955இல் பாண்டுங்கில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் தனியே கூடியது சின்னக் காரியமா என்ன? ஆனால் செலவுக் கணக்கைக் கேட்டவர் அவர்தான்.

அணிசேராமை வேண்டும், தோழர்களே. ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி கடன் உத்தரவாதம் அறிவித்த ஒன்றிய அரசிடம் கேட்போம்: நின்றுபோன ஷிப்டுக்குக் கூலி எங்கே?