டானிகா பேட்ரிக்: சீட் கொடுத்தது யார், பறித்தது யார்?

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தில் முதல்நிலைத் தொடர் கப் சீரிஸ். அதில் டானிகா பேட்ரிக் ஓட்டியது 191 பந்தயங்கள். வெற்றி பூஜ்யம். முதல் 10 இடங்களுக்குள் வந்தது 7 முறை. சூப்பர் பவுல் விளம்பரங்களில் வந்ததோ 10-க்கும் மேல்.

'அப்போ வெறும் விளம்பர முகம்தானா?' அவசரப்படாதீங்க. 2008-ல் ஜப்பானில் இண்டிகார் பந்தயத்தை வென்றவர் அவர். அந்தத் தொடரில் வேறு எந்தப் பெண்ணும் வென்றதில்லை. 2013 டேடோனா 500-ல் முதலிடத்திலிருந்து புறப்பட்டு, 8-வதாக முடித்தார்.

காரைக் குறை சொல்லவும் முடியாது. அதே ஸ்டூவர்ட்-ஹாஸ் அணியின் கெவின் ஹார்விக் 2014-ல் சாம்பியன் ஆனார். நாஸ்கார் அவருக்குக் கடைசிவரை முழுசா வசப்படல, அவ்வளவுதான்.

ஆனால் நீங்க கவனிக்க வேண்டியது பணக் கணக்கை. நாஸ்கார் அணிகளின் வருமானத்தில் பெரும்பங்கு ஸ்பான்சர் பணம். ஜெயிக்காமலேயே ஸ்பான்சர் பலத்தில் சீட்டைத் தக்கவைக்கிற ஆண்களும் உண்டு. அவர்களை யாரும் 'மாடல்' என்று கிண்டல் பண்றதில்லை. டானிகாவின் ஸ்பான்சர் கோடாடி 2015 சீசனோடு விலகியது. அடுத்து வந்த நிறுவனமும் ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தது. 2017-க்குப் பிறகு முழுநேர சீட் இல்லை. அவருடைய ரிசல்ட்டோ முன்பும் அப்படித்தான் இருந்தது.

2018-ல் டேடோனா 500, இண்டி 500 என இரண்டு பந்தயங்களோடு விடைபெற்றார். காரில் இருந்த பெயர்? மறுபடியும் கோடாடி.