தலைக்கணக்கும் ஊர்க்கணக்கும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் (1063–1070) கல்வெட்டொன்று உள்ளது. கோயிலைச் சார்ந்திருந்த ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையைப் பற்றி அது விரிவாகப் பேசுகின்றது. நோயாளருக்கு 15 படுக்கைகள், மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்வோர் ஒருவர், மூலிகையும் விறகும் கொணர இருவர், நோயாளரைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர். இவர்கள் பெறும் ஊதியமும் எழுதப்பட்டுள்ளது. பணிப்பெண்ணின் உழைப்பும் உழைப்பாகவே கல்லில் ஏறியிருக்கின்றது என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும்.

இன்று சிற்றூரொன்றைப் பற்றி அறிய விரும்புவோர் மக்கள்தொகைக் கணக்கேட்டைப் புரட்டுகின்றனர். குடும்பங்கள் இத்தனை, ஆண் பெண் இத்தனை, எழுத்தறிந்தோர் இத்தனை என்று அது கூறும். இவை வேண்டாதன அல்ல. பள்ளிக்கும் குடிநீருக்கும் திட்டமிட இவ்வெண்களே அடிப்படை. ஆயினும் தொழிற்பகுதிக்கு வரும்போது நமக்கு ஐயம் எழுகின்றது. உழவர், வேளாண் கூலிகள், குடும்பத் தொழிலோர், பிறர் என நான்கே கட்டங்கள். ஆண்டில் ஆறு திங்களுக்குக் குறையாமல் உழைத்தவர் முதன்மைத் தொழிலாளர், குறைந்தவர் குறுந்தொழிலாளர்.

காஞ்சி வட்டாரத்துத் தறிவீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். நெய்பவர் ஒருவர். தார் சுற்றுவதும் இழை அறுந்தால் முடிவதும் மனைவி, மகள் கைகளில். சேலைக்குக் கூலி வரும்போது அது நெய்தவர் பெயரிலேயே வரும். கணக்கெடுப்பாளர் வந்து வினவினால், “வீட்டிலே சும்மாதான் இருக்கிறாள்” என்று அவ்வீட்டாரே விடையிறுப்பர்! கூலியில் பங்கு எழுதப்படாதவருக்குக் கணக்கிலும் இடமில்லாமற் போகின்றது. பின்னர் நலத்திட்டம் வகுப்போர் நெசவாளர் எத்தனை பேர் என்று தேடும்போது இப்பெண்கள் கண்ணிற் படுவதில்லை. இது எழுத்துப் பிழையன்று, சோற்றுப் பிரச்சினை.

ஊரை வீடுவீடாக அறியும் முயற்சி நம் பகுதிக்குப் புதிதுமன்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு செங்கற்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து, வீடுகளையும் தொழில்களையும் விளைச்சற் பங்குகளையும் பதிவு செய்தார். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு சிற்றூர்களை ஆராய்வித்து 1918இல் நூலாக்கினார். அவற்றுள் ஒன்று காஞ்சிக்கு அண்மையிலுள்ள தூசி. அவ்வூர் 1930களிலும் 1980களிலும் மீண்டும் ஆராயப்பட்டமையால், நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து காண முடிகின்றது. முதற்பதிவு மாணவர் கைவண்ணம் என்பது நம் கல்லூரியாருக்கு உவப்பளிக்கும் செய்தி.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறிப்புநாளாகக் கொண்டு அடுத்தது நிகழுமென 2025இல் அறிவிக்கப்பட்டது. அரசின் படிவத்தை நாம் மாற்ற இயலாது. ஆனால் நம் மாணவர்கள் விடுமுறையில் தத்தம் ஊரில் ஒரு தெருவையேனும் எழுதலாம்: தார் சுற்றுபவர் யார், நாளுக்கு எத்தனை மணி, கூலி யார் கையில், கடன் யாரிடம்? ஊர்ப் பெரியவர்கள் வாசலைத் திறந்துவிட்டு, தம் நினைவிலுள்ள பழைய தறிகளையும் மஹல்லாவின் பழம்பதிவேடுகளையும் காட்டி உதவ வேண்டும். “சும்மாதான் இருக்கிறாள்” என்ற விடை வந்தால், மாணவர் அடுத்த வினாவை அப்பெண்ணிடமே கேட்கட்டும்.