களப்பு என்ன வெறும் தண்ணியா?

நவம்பர் பிறந்தாப் போதும், கமராவைத் தூக்கிட்டு மன்னாருக்கும் பூந்தலவுக்கும் ஓடுறம். குறிஞ்சாக்கேணிக் களப்பில தண்ணி வத்தின நேரம் சேற்றைக் கிண்டுற உள்ளானை ஆரும் திரும்பிப் பார்க்கிறதில்ல. அதுவும் வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி வந்த குருவிதான்!

இலங்கையில் ராம்சார் ஈரநிலங்கள் 6. பூந்தல 1990இல், வங்காலை 2010இல் சேர்ந்தன. திருகோணமலை மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

"மனுசன் சாகிற இடத்தில குருவியா முக்கியம்?" எண்டு கேட்பாங்க. 2021 நவம்பர் 23 அன்று இதே தண்ணியில இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் செத்ததை நாங்க மறக்கல்ல. பாலம் கேட்ட வாயாலதான் சேற்றையும் கேட்கிறம். உள்ளான் தின்னுற புழுவும், வலையில விழுற இறாலும் நண்டும் அந்தச் சேற்றிலதான் வளருது. அதை நிரப்பி வளவாக்கினா ரெண்டு பேருக்கும் சோறில்ல. அதுக்காக, சரணாலயம் எண்டு வேலி போட்டு மீன்பிடிக்காரரைத் துரத்துறதும் வேணாம், அதையும் இப்பவே சொல்லிடுறம்.

ஒவ்வொரு ஜனவரியும் ஆசியா முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. பைனாகுலர் இல்லாட்டியும் பரவால்ல, ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு விடியவே களப்படிக்கு வாங்க.