கப்பற்கூலியை வகுப்பவர் யார்?

யட்டவத்த மலைச்சரிவில் மிளகுக் கொடி படர்த்தி வாழ்கின்றவனுக்குக் கப்பலோடு என்ன வேலை என்று கேட்பார் உளர். கடல் எங்கே, மாத்தளை எங்கே என்பது அவர்தம் வாதம். நாம் பறிக்கும் கொழுந்தும் உலர்த்தும் மிளகும் எந்த இடத்தில் விலை பெறுகின்றன என்பதை அவர் ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்திருப்பின் இவ்வாறு கேட்டிரார். இம்மலையைத் தோட்டமாக்கியது கடல் வாணிபம். நம் முன்னோரை இம்மலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் அதுவே. அந்தக் கடல் வாணிபத்தை அடியோடு மாற்றியமைத்த நீராவியின் கதையை நாம் பள்ளிப் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடமாக மட்டும் படித்து மறந்துவிட்டோம். அது நமது வழக்கு. அதன் தீர்ப்பு இன்னும் நம்மீது நிறைவேற்றப்பட்டு வருகிறது.

நீராவிக்கு முன்னர்க் கடலில் ஆட்சி செலுத்தியது காற்று. சோளகம் வீசினால் ஒரு திசை, வாடை வீசினால் மறுதிசை. வணிகன் எத்துணைச் செல்வனாயினும், அரசன் எத்துணை வலியனாயினும், காற்று மாறும்வரை துறையிலே காத்திருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பில் ஒரு சமத்துவம் இருந்தது. வல்வெட்டித்துறை ஓடாவி கட்டிய கப்பலுக்கும் இலண்டன் கம்பெனியின் கப்பலுக்கும் காற்று ஒன்றே. 1938ஆம் ஆண்டிலேகூட வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் கடல் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையைச் சென்றடைந்தது என்றால், நம்மவரின் கைத்திறனில் குறையிருந்தது என்று எவர் சொல்ல முடியும்? குறைந்தது திறனன்று, மூலதனம்.

நீராவி இயந்திரம் கப்பலேறிய உடனேயே பாய்மரம் வீழ்ந்துவிடவில்லை. தொடக்க கால நீராவிக் கப்பல்கள் நிலக்கரியைத் தின்று தீர்த்தன. நீண்ட பயணத்தில் சரக்கு ஏற்ற வேண்டிய இடத்தையெல்லாம் கரியே அடைத்துக்கொண்டது. ஆகையால் தபாலையும் செல்வந்தப் பயணிகளையும் சுமப்பதோடு அவை பெரும்பாலும் நின்றன. இந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் லிவர்பூலைச் சேர்ந்த அல்பிரெட் ஹோல்ற் என்னும் பொறியியலாளர். உயர்ந்த அழுத்தத்தில் நீராவியை ஓர் உருளையிற் பயன்படுத்தி, அது வெளியேறும்போது மற்றோர் உருளையில் மறுபடியும் வேலை வாங்கும் கூட்டு இயந்திரத்தை அவர் தம் கப்பல்களிற் பொருத்தினார். 1866இல் அவருடைய ‘அகமெம்னன்’ வழியில் எங்கும் கரியேற்றாமல் மொரீசியசு வரை 8,500 மைல் சென்றது. மூன்றே ஆண்டுகளில், 1869 நவம்பர் 17ஆம் நாள், சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 10,700 கடல் மைலாக இருந்த இலண்டன்–பம்பாய்ப் பாதை ஏறத்தாழ 6,200 ஆகச் சுருங்கிற்று. ஒடுங்கிய கால்வாயிலும் செங்கடலின் எதிர்க்காற்றிலும் பாய்க்கப்பல் பயனற்றது. தேயிலை ஓட்டத்துக்கென்றே கட்டப்பட்ட புகழ்பெற்ற ‘கற்றி சார்க்’ என்னும் பாய்க்கப்பல், கால்வாய் திறந்து ஐந்து நாள் கழித்தே முதன்முதலாக நீரில் இறங்கியது. பிறந்தபோதே பின்தங்கிவிட்ட அக்கப்பல் சில ஆண்டுகளில் தேயிலையைக் கைவிட்டு அவுஸ்திரேலியக் கம்பளி சுமக்கப் போயிற்று.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1880இல் மாத்தளைக்கு வந்தது. 1875இல் வேல்சு இளவரசர் அடிக்கல் நாட்டிய கொழும்பு அலைதடுப்பணை 1885இல் முற்றுப்பெற்றது. அதற்குள்ளாகவே காலித் துறை தன் பழம்பெருமையை இழந்துவிட்டது; நீராவிக் கப்பல்கள் கரியேற்றக் கொழும்புக்கு வரலாயின. கோப்பிச் செடியை நோய் அழித்த இடத்தில் தேயிலை எழுந்தது. 1873இல் இலண்டனுக்குச் சென்ற இலங்கைத் தேயிலை 23 இறாத்தல். 1880இல் அது 81 தொன். 1890இல் 22,900 தொன்! இந்த வளர்ச்சியைத் துரைமாரின் துணிவுக்கும் ஜேம்ஸ் டெயிலரின் உழைப்புக்கும் உரியதாக்கி எழுதுவது வழக்கம். டெயிலரின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் புகையிரதப் பெட்டியில் இறங்கி, அணையின் உட்புறத்தில் அமைதியாக நின்ற நீராவிக் கப்பலில் ஏறி, குறித்த வாரத்தில் இலண்டன் ஏல மண்டபத்தை அடையும் வழி திறவாதிருந்தால், அந்த 22,900 தொன் எங்கே போயிருக்கும்? அந்த மலைகளை வெட்டித் திருத்தியவர்களின் பெயர்கள் எந்த ஏலப் பட்டியலிலும் இல்லை.

அவர்கள் வந்த வழியையும் இங்கே சொல்ல வேண்டும். மன்னார்க் கரையில் தோணியிலிருந்து இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் நம் முன்னோர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் புதைகுழி தோண்டின. மலையகத்தின் வாயில் மாத்தளை. அந்த வாயிலைக் காணாமலே மாண்டவர் எத்தனை ஆயிரவரோ! நீராவிக் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஒழுங்காக ஓடத் தொடங்கியபின் அந்தக் கொடுநடை குறைந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிப் படகுச் சேவை ஏற்பட்டபின் மேலும் குறைந்தது. இந்த நன்மையை நன்றியோடு ஏற்கத்தான் வேண்டும். ஆனால் பயணச் செலவை ஏற்றது யார்? தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டு ஏறினான் தொழிலாளி. கையிற் காசு கொடுக்கவில்லை. கட்டணம் தோட்டத்துக் கணக்கில் எழுதப்பட்டது. தோட்டத்திலிருந்து கங்காணி கணக்குக்கும், கங்காணியிடமிருந்து தொழிலாளியின் தலைக்கும் இறங்கி வந்தது. கப்பல் விட்டு இறங்கும்போதே அவன் கடனாளி. கடனைக் காட்டி ஆளைக் கைமாற்றும் ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பாய்மரத் தோணிக்காரனுக்குத் தர வேண்டியதைத் தந்தால் கணக்குத் தீர்ந்தது. நீராவிக் கம்பெனியின் கணக்கு மூன்று பேரேடுகளில் வளர்ந்தது.

நீராவியின் மிகப் பெரிய மாற்றம் அதன் வேகத்தில் இல்லை என்பது என் துணிபு. காலந்தவறாமையே அதன் பெரிய மாற்றம். இன்ன நாளிற் புறப்பட்டு இன்ன நாளிற் சேரும் என்று அட்டவணை போடக்கூடிய கப்பல், நாள் தவறாது புறப்பட வேண்டும், சரக்கு நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும். கரிச்செலவு குறையாது, மாலுமியின் சம்பளம் குறையாது, வாங்கிய கடனுக்கு வட்டி குறையாது. ஆகவே போட்டியென்று வந்தால் இரு கம்பெனிகளும் சேர்ந்தே மூழ்கும். இதை உணர்ந்த கம்பெனிகள் போட்டியிடுவதை விட்டுக் கூடிப் பேசலாயின. 1875இல் கல்கத்தா வாணிபத்தில் ஈடுபட்ட கம்பெனிகள் ஒன்று சேர்ந்து ஒரே கப்பற்கூலியை வகுத்தன. பின்னர் ஒரு தந்திரத்தையும் கண்டுபிடித்தன. ஆண்டு முழுவதும் எம் கப்பல்களிலேயே சரக்கேற்று; கூலியில் ஒரு பங்கைக் கழிவாகப் பின்னர்த் தருவோம்; ஒரே ஒரு மூட்டையை வேறு கப்பலில் ஏற்றினாலும் சேர்ந்த கழிவு முழுவதும் போயிற்று! வணிகனின் பணத்தையே பிணையாக வைத்து வணிகனைக் கட்டும் வித்தை இது.

இது சட்டத்துக்கு உடன்பாடா? இந்தக் கேள்வி ஆங்கில நீதிமன்றத்தின் முன் வந்தது. மோகல் நீராவிக் கப்பற் கம்பெனி மக்கிரெகர் கோ கம்பெனி முதலானோர்மீது தொடுத்த வழக்கு, சட்டம் பயில்வோர் அனைவரும் படிக்கும் ஒன்று. சீனத் தேயிலையைச் சுமக்கும் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து, தம் கப்பல்களில் மட்டும் ஏற்றுவோர்க்கு நூற்றுக்கு ஐந்து கழிவு கொடுத்தன. மோகல் கம்பெனி வெளியே நிறுத்தப்பட்டது. 1885இல் அதன் கப்பல்கள் யாங்சி ஆற்றங்கரை ஹாங்கோவுக்குத் தேயிலை தேடிச் சென்றபோது, கூட்டுக்காரர்களும் அங்கே கப்பல்களை அனுப்பி, எவருக்கும் ஆதாயம் தராத அளவுக்குக் கூலியை இறக்கிவிட்டனர். தன் தொழிலை அழிக்கச் சதி செய்தார்கள் என்று மோகல் கம்பெனி வழக்காடியது. விசாரணை நீதிமன்றத்திலும் தோல்வி, மேன்முறையீட்டிலும் தோல்வி. 1891 டிசம்பரில் பிரபுக்கள் சபையும் கைவிரித்தது. தம் ஆதாயத்தைக் காக்கும் பொருட்டுச் சட்ட விரோதமான வழியைக் கையாளாமல் கூடிச் செயற்படுவது குற்றமாகாது. அது வாணிபப் போட்டியே என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பைத் தந்த நீதிபதிகள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. நியாயமான கூலி எது, நியாயமற்ற கூலி எது என்று நீதிபதி எவ்வாறு அளப்பது என்ற அவர்களின் தயக்கத்தில் பொருள் உண்டு. என் வாதம் வேறு. வலியவன் கூலியை இறக்கிப் போட்டியாளனைக் கொல்வது உரிமை என்றால், அந்த உரிமை எளியவர்களின் கூட்டுக்கும் உரித்தானதாக இருக்க வேண்டுமல்லவா? இருந்ததா என்பதற்குத் தூத்துக்குடியே சான்று.

வ. உ. சிதம்பரம்பிள்ளை நம் தொழிலைச் சேர்ந்தவர், வழக்கறிஞர். தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து, 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், பங்குகள் 40,000. இந்தியர்க்கு மட்டுமன்றி இலங்கையர்க்கும் ஆசியர் பிறர்க்கும் பங்கு திறந்திருந்தது. அதன் தலைவராக இருந்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவர். முதலில் வாடகைக் கப்பல் பிடித்தார்கள்; எதிர்க் கம்பெனியின் நெருக்குதலால் அது கைநழுவியது. பின்னர்ச் சொந்தமாகவே ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு நீராவிக் கப்பல்களை வாங்கி 1907இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கிற்று. உடனே எதிரி இலவசமாக ஏற்றிச் செல்வதாகவும் குடையொன்று பரிசளிப்பதாகவும் அறிவித்தான் என்று அந்த வரலாற்றை எழுதினோர் பலரும் குறிக்கின்றனர். இலவசம் என்றால் ஏழைப் பயணிக்கு நன்மைதானே என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தக் குடை எத்தனை மழைக்குத் தாங்கியிருக்கும்? போட்டியாளன் ஒழிந்த மறுநாள் அதன் விலையும் சேர்த்து வசூலாகும் என்பதற்கு ஹாங்கோவே போதிய பாடம்.

வியப்பு என்னவெனில், குடைக்கும் இலவசத்துக்கும் சுதேசிக் கம்பெனி உடனே மடிந்துவிடவில்லை. அதன்பிறகே தண்டனைச் சட்டம் களத்தில் இறங்கியது. கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற சிதம்பரம்பிள்ளை 1908 மார்ச் 12ஆம் நாள் சிறைப்பட்டார். இராசத்துரோகக் குற்றச்சாட்டில், அதே ஆண்டு ஜூலை 7ஆம் நாள், நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளை, அதாவது நாற்பது ஆண்டுகளை விதித்தார். மேன்முறையீட்டில் தண்டனை குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தார். அதற்கு முன்பே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டுக் கப்பல்கள் விற்கப்பட்டுவிட்டன. வழக்காடும் உரிமையையும் அவர் இழந்திருந்தார். குற்றப்பத்திரிகையில் கப்பல் என்ற சொல் குற்றமாக இடம்பெறவில்லை. மேடைப் பேச்சே குற்றம். ஆனால் அந்தத் தண்டனையால் ஆதாயம் அடைந்தது எந்தக் கம்பெனி என்பதைத் துறைமுகத்துச் சிறுவனும் அறிவான். மோகல் வழக்கில் வாணிபப் போட்டி புனிதம் என்றது ஒரு நீதிமன்றம். பதினேழு ஆண்டுகளுக்குள் போட்டியிட்ட ஒருவரைச் செக்கிழுக்க அனுப்பியது மற்றொன்று. இரண்டும் ஒரே முடியின் கீழ் இயங்கியவை.

பின்னர் அதே நீரிணை நம்மவரைத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. மனிதரை மூட்டைபோல் எண்ணிக் கப்பலேற்றும் வழக்கம் தகரத் துண்டோடு ஒழியவில்லை. அந்த ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய சேவையும் 1980களில் யுத்தத்தால் நின்றது.

நீராவி போய் எண்ணெய் இயந்திரம் வந்துவிட்டது. மூட்டை போய்க் கொள்கலன் வந்துவிட்டது. கூட்டு மட்டும் போகவில்லை. உலகின் கொள்கலன் கப்பல்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பத்துக் கம்பெனிகளிடம் உள்ளன. கப்பற் கூட்டுகளுக்கு நெடுங்காலம் விலக்களித்து வந்த ஐரோப்பிய ஒன்றியமே 2008 அக்டோபரில் அவ்விலக்கை நீக்கிவிட்டது. தன் வணிகர்களுக்குத் தீங்கென்று அவர்கள் கண்டதை, ஏற்றுமதியை நம்பி வாழும் நாம் பேசுபொருளாகவும் கொள்ளவில்லை. 2023இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, பல கம்பெனிகள் சுயெசை விட்டு ஆபிரிக்க முனையைச் சுற்றின, கப்பற்கூலி ஏறிற்று. நம் மிளகைக் கொள்வோன் அந்த ஏற்றத்தைத் தன் ஆதாயத்திலிருந்தா கழிப்பான்? அவன் கழிப்பது செய்கையாளனுக்குத் தரும் விலையிலிருந்து. கூலி இறங்கும்போது அந்த விலை தானாக ஏறிவிடும் என்று எண்ணுவோர் சந்தைக்குப் போகாதவர்கள்.

ஆகவே அரசியற் கட்சிகளிடம் நாம் கேட்க வேண்டியவை திட்டமானவை. கொழும்பிலிருந்து முக்கிய துறைகளுக்கான கப்பற்கூலியும் துறைமுகக் கட்டணங்களும் மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட்டுப் பிரதேச செயலகங்களில் ஒட்டப்பட வேண்டும். யட்டவத்தச் சிங்களச் செய்கையாளனுக்கும் தமிழ்ச் செய்கையாளனுக்கும் இதில் ஒரே நலன். இதைப் பிரித்துப் பேசுவோரை இருவருமே ஐயுற வேண்டும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணிகள் சேவை 2023 அக்டோபரிலும் மீண்டும் 2024 ஆகஸ்டிலும் தொடங்கிவைக்கப்பட்டது. தலைமன்னார்–இராமேசுவர வழிக்கும் அத்தகைய முயற்சி வேண்டும், பயணிகளோடு சரக்குக்கும் இடம் வைத்து. ஒரு கொள்கலனை நிரப்ப ஒரு குடும்பத்தின் மிளகு போதாது. சில ஊர்களின் மிளகு போதும். அதற்கு வேண்டியது பதிவுபெற்ற கூட்டுறவுச் சங்கம், பங்குப் பணம், கணக்குத் தணிக்கை. சங்கத்தின் விதிகளை வரையச் சட்டத்தரணிகள் கட்டணமின்றி முன்வர வேண்டும்; என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம். அடுத்த மிளகு அறுவடைக்கு முன் யட்டவத்த, உக்குவளை, இரத்தோட்டைப் பகுதிச் செய்கையாளர்கள் ஒரு கூட்டத்தில் அமர்ந்து, சென்ற பருவத்தில் தாம் விற்ற விலைச் சீட்டுகளை மேசைமீது வைக்கட்டும். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையிலிருந்து தொடங்குவோம்.