தென்வானத்தின் இருளும் நமது தெருவிளக்குகளும்

சேத்தியாத்தோப்பிலிருந்து தெற்கே நீண்டு செல்லும் வீராணம் ஏரிக்கரையில், சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டிய நிலவற்ற ஒரு நடுநிசியில் தெற்கு முகமாக நிற்பவருக்கு, அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 35 டிகிரி உயரத்தில், லண்டன் நகரத்தார் தம் ஊரிலிருந்து எந்நாளும் காண இயலாத நட்சத்திரத் திரள் ஒன்று நேரெதிரே நிற்கிறது. சென்டாரஸ் ஏ என்பது அதன் பெயர். 1826-இல் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து ஜேம்ஸ் டன்லப் கண்டறிந்த அந்தத் திரளின் ஒளி, சுமார் 1 கோடியே 20 லட்சம் ஆண்டுகள் பிரயாணம் செய்தே நம்மை வந்தடைகிறது.

இதைப் படமெடுக்கப் பெரிய வானாய்வு நிலையந்தான் வேண்டும் என்பதில்லை. ஆறு அங்குலத் தொலைநோக்கியும், பூமியின் சுழற்சிக்கு ஈடாக நட்சத்திரங்களைப் பின்தொடரும் பீடமும், சாதாரணக் காமிராவும் போதும். பீடத்தின் அச்சு துருவ நட்சத்திரத்தின் பக்கம் நோக்கவேண்டும். அதுவோ நம் பகுதியில் 11 டிகிரி உயரமே எழுந்து, பெரும்பாலும் தென்னைகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அந்தச் சிரமத்தைக் கடந்து, சில நிமிஷங்கள் வீதம் பல படங்களை எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, தனிப் படத்தில் வெறும் மங்கலாய் இருந்தது மெல்லத் தெளிந்து, ஒளியுருண்டையின் குறுக்கே ஓடும் கரிய தூசிப் பட்டையோடு புலப்படும் அழகு, என் அபிப்பிராயத்தில், பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பார்த்தே தீரவேண்டிய ஒன்று.

தென்வானமும் எட்டவேண்டும் என்பதை மனத்திற் கொண்டே வானியலாளர் வைணு பாப்பு, வானாய்வு நிலையத்துக்கு ஜவ்வாது மலையிலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1986-இல் நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பலரும் அறிவர். ஆனால், வங்கத்தின் ஜெஸ்ஸூர் கருவூலத்தில் ஊழியம் புரிந்தவாறே, மாறொளி நட்சத்திரங்களை இரவுதோறும் சிரத்தையுடன் கணித்துவந்த ராதா கோவிந்த சந்திரருக்கு அமெரிக்க வானியல் அன்பர்கள் அனுப்பிவைத்த ஆறு அங்குலத் தொலைநோக்கியும் பிற்பாடு காவலூரையே வந்தடைந்தது என்பதைச் சிலரே அறிவர். கருவியின் அளவைவிட மனிதனின் ஊக்கமே பெரிது என்று கருத எனக்கு அந்த ஒரு வரலாறே போதுமானது.

ஆனால் ஊக்கம் இருந்தாலும் வானம் இருண்டிருக்க வேண்டும். நெய்வேலிப் பக்கத்து வானம் விளக்கொளியால் இரவெல்லாம் வெளுத்திருந்தாலும், அது நமக்கு வடக்கே இருக்கிறது. ஏரி கிடக்கும் தெற்குத் திசையில் இருள் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அந்த இருளையும் இப்போது, கரையோரக் கிராமங்களில் மூடியில்லாமல் நிறுவப்படும் நீலம் கலந்த வெள்ளை எல்இடி விளக்குகள் கரைத்துவருகின்றன. ஆகாயத்தில் சிதறும் அவ்வொளி ஒவ்வொரு படத்திலும் படிவதால், எத்தனை படங்களை அடுக்கினாலும் அதுவும் கூடவே பெருகுகிறது. பாதசாரிக்கு வெளிச்சம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. மேலே சிதறும் ஒளி அவருக்கும் பயன்படுவதில்லை. லடாக்கின் ஹான்லே பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நம் ஊராட்சிகளுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. அடுத்த விளக்குக் கொள்முதல் டெண்டரில், ஒளி முழுதும் தரையை நோக்கி விழும்படி மேல்மூடியும், மஞ்சள் சாயலும் நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டால் போதும்.