கடல் காற்றுக்கு மான்யம்

பணம் யாருடையது? பலன் யாருக்கு?

இந்திய சர்க்காரார் கடலுக்குள் காற்றாலைகள் நாட்டுவதற்காக 7453 கோடி ரூபாய் ஒதுக்குவதாக 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தீர்மானித்த சங்கதி வாசகர்களில் பலர் அறிந்திருக்கலாம். இதில் 6853 கோடி ரூபாய், குஜராத்துக் கடலில் 500 மெகாவாட்டும் தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட்டும் ஆக 1000 மெகாவாட்டுக்கு ஆலை நாட்டும் கம்பெனிகளுக்கு மான்யம். பாக்கி 600 கோடி ரூபாய் இரண்டு துறைமுகங்களைச் சீர்திருத்துவதற்கு. இதனால் வருஷம் ஒன்றுக்கு 372 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்குமென்று சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது.

இதைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. ஒரு சாரார், "கரையிலேயே காற்றாலைகள் இருக்கும்போது பணத்தைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டுவானேன்?" என்கிறார்கள். மற்றொரு சாரார், "சர்க்கார் கொடுக்கிறது, கம்பெனி கட்டுகிறது, இதில் நமக்கென்ன கேள்வி?" என்கிறார்கள். இரண்டும் தப்பு என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் மான்யம் அவசியமா என்று பார்ப்போம். கடலில் காற்று கரையைவிட வேகமாகவும் ஒரே சீராகவும் வீசுகிறது. விளைநிலம் எதையும் இழக்க வேண்டியதில்லை. ஆனால் செலவோ பெரிது. கடலின் அடிநிலத்தில் இரும்புத் தூண் இறக்க வேண்டும். அதற்கென்றே தனிக் கப்பல் வேண்டும். மின்சாரத்தைக் கரை சேர்க்கக் கடலுக்கடியில் கம்பிவடம் போட வேண்டும். உப்புக் காற்று யந்திரத்தை அரிக்காமல் காப்பாற்ற வேண்டும். ஆகவே அடக்க விலை ஏறிவிடுகிறது. வாங்குகிறவர்கள் கொடுக்கும் விலைக்கும் அடக்க விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடு செய்வதுதான் இந்த மான்யம். முதலில் இறங்குகிறவன் நஷ்டப்படுவான், அவனைப் பார்த்து அடுத்தவன் இலாபம் அடைவான் என்றால், எந்த முதலாளி முதலில் இறங்குவான்? அந்த முதல் நஷ்டத்தைப் பொதுப் பணம் தாங்குவதில் குற்றமில்லை.

இதற்கு அத்தாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1986-ம் வருஷத்தில் தூத்துக்குடிக்குப் பக்கத்திலுள்ள முள்ளக்காட்டில் பொதுப் பணத்தில்தான் காற்றாலைகள் பரீட்சைக்காக நாட்டப்பட்டன. அது பலித்ததைப் பார்த்த பிறகுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பித் தனிப்பட்டவர்கள் முப்பந்தலில் வந்து குவிந்தார்கள். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைச் சக்தி பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. எனவே, மான்யம் வீண் என்று சொல்லுகிறவர்கள் முள்ளக்காட்டை மறந்தவர்கள் என்றே சொல்லுவோம்.

நிற்க, கேள்வி கேட்கவே கூடாது என்கிறவர்களுக்கு நார்வே தேசத்து சங்கதியைச் சொல்லுகிறோம். கடலில் மிதக்கும் காற்றாலையை முழு அளவில் உலகத்தில் முதன்முதல் நிறுத்தியது அந்த தேசத்தார். 2009-ல் 2.3 மெகாவாட் யந்திரம் ஒன்றை மிதக்க விட, எனோவா என்னும் சர்க்கார் ஸ்தாபனம் 5 கோடி 90 லட்சம் குரோனர் கொடுத்தது. அந்தப் பாடத்தைக் கொண்டு 2017-ல் ஸ்காட்லாந்துக் கடலில் 30 மெகாவாட் ஆலை கிளம்பிற்று. இதுவரையில் நல்ல காரியமே. ஆனால் 2019-ல் அதே எனோவா 230 கோடி குரோனர் மான்யம் கொடுத்து, 2023-ல் முடிவடைந்த 88 மெகாவாட் ஆலையின் மின்சாரம் எங்கே போகிறது தெரியுமா? கடலிலுள்ள எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குப் போகிறது! அந்த மேடைகளில் வாயு எரிப்பது குறைந்தது உண்மைதான். என்றாலும் குடிகளின் வரிப்பணத்தில் சுற்றும் அந்த யந்திரங்களிலிருந்து ஒரு குடியானவன் வீட்டு விளக்குக்கும் கம்பி போகவில்லை. கேள்வி கேட்கிற ஜனங்கள் உள்ள தேசத்திலேயே இப்படியென்றால், கேளாத இடத்தில் என்ன நடக்காது?

நமது நாட்டு நிலைமையைப் பார்ப்போம். கடல் காற்றாலைக்கென்று 2015-லேயே கொள்கை வெளியிட்டார்கள். 2024-ல் குஜராத்துக் கடலுக்கு மான்யத்தோடு ஏலம் கூப்பிட்டார்கள். தமிழ்நாட்டுக் கடலில் மான்யமில்லாமல் இடம் குத்தகைக்கு விடவும் கூப்பிட்டார்கள். 2025-ல் இரண்டும் ரத்தாயின. கொள்கை பிறந்து பத்து வருஷமாகியும் இந்தியக் கடலில் ஒரு காற்றாலை கூட எழும்பவில்லை. இது துக்கமான சங்கதிதான். ஆனால் நிபந்தனைகளைத் திருத்திக் கொள்ள இது நல்ல சமயம் என்றும் சொல்லுவோம்.

6853 கோடியையும் 600 கோடியையும் கூட்டிப் பாருங்கள். 7453 கோடியும் முடிந்து விடுகிறது. அறிவுக்கென்று, தொழில் கற்பிப்பதற்கென்று, கடலையே நம்பிப் பிழைப்பவர்களுக்கென்று இந்தக் கணக்கில் ஓர் இனம் எங்கே இருக்கிறது? யந்திரம் வாங்கத்தான் பணமென்றால், கம்பெனிக்காரன் அடைந்த அனுபவம் அவன் பெட்டிக்குள் போய்விடும். அடுத்த ஆலைக்கும் நாம் மறுபடி மான்யம் அழ வேண்டியதுதான். ஊர்ப் பொதுப் பணத்தில் கிணறு வெட்டி, தண்ணீரை ஒருவன் பூட்டி வைத்துக் கொள்ளச் சம்மதிப்போமா?

ஆகையால் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, மான்யம் வாங்கும் ஆலையில் எவ்வளவு மின்சாரம் உண்டாயிற்று, எது பழுதாயிற்று, என்ன செலவாயிற்று என்பதெல்லாம் மாதந்தோறும் வெளியாக வேண்டும். இது நடக்காத காரியமல்ல. 2017-ல் காம்பே வளைகுடாவில் யந்திரம் வைத்துக் காற்றை அளந்த கணக்கைச் சென்னையிலுள்ள தேசியக் காற்று சக்தி நிலையத்தார் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். காற்றுக் கணக்கை வெளியிடலாம், காசுக் கணக்கை வெளியிடக் கூடாதா? இரண்டாவது, தூத்துக்குடி, கன்னியாகுமரி, ராமநாதபுரம் ஜில்லாப் பிள்ளைகளுக்குக் காவல் வேலை மட்டும் கொடுத்து ஏய்க்காமல் யந்திர வேலையையே கற்றுக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, மன்னார் வளைகுடாப் பக்கம் எங்கே தூண் இறக்குவதென்று தீர்மானிக்கு முன் அங்கே வலை விடுகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். எங்கே மீன் படும், எங்கே பாறை, எந்த மாதம் நீரோட்டம் எப்படி என்பது தலைமுறையாக அவர்கள் பார்த்து அறிந்தது. அதுவும் விஞ்ஞானத்துக்கு உதவும் அறிவே. கேட்டுவிட்டு, பிழைப்புக்கு நஷ்டமென்று கண்டால் அதற்கும் மான்யத்திலேயே ஈடு கட்ட வேண்டும்.

நாம் விஞ்ஞானத்தை வேண்டாமென்பவர்களல்ல. அதற்காகச் செலவு செய்யப் பின்வாங்கும் நாடு பிறர் செய்த யந்திரத்துக்குப் பணங்கட்டிக் கொண்டேயிருக்கும். ஆனால் பணம் நம்முடையதென்றால், அதனால் உண்டாகும் அறிவும் நம்முடையதாக வேண்டும். அடுத்த ஏலம் கூப்பிடுமுன் உங்கள் பிரதிநிதிகளிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "கம்பெனிக்குக் கொடுப்பது எவ்வளவு என்று சொன்னீர்கள், எங்களுக்குத் திரும்பி வருவது என்ன என்று எப்போது சொல்லப் போகிறீர்கள்?"